ஹிப்னாடிசம்: சினிமா காட்டுவதும் சிகிச்சை அறையில் நடப்பதும்

ஹிப்னாடிசம் என்று பேச்செடுத்தால் சிங்கப்பூர்த் தமிழர்களிடமிருந்து வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். "மயக்கத்துல நம்ம பேங்க் பின் நம்பரைச் சொல்லிடுவோமா?" "திரும்ப எழுந்திருக்க முடியாம போயிட்டா?" "ஏழாம் அறிவுல அந்த ஆளு கண்ணைப் பார்த்தே செய்வானே, அந்த மாதிரியா?" வயதானவர்களிடம் பேசினால் கேள்விக்குப் பதிலாக ஒரு கதை வரும். யாரோ தோளைத் தட்டினார், வழி கேட்டார், அப்புறம் என்ன நடந்தது என்றே தெரியவில்லை, வீட்டுக்கு வந்து பார்த்தால் கழுத்தில் சங்கிலி இல்லை. மலாய்க்காரர்கள் 'புக்காவ்' என்று சொல்வதை நாமும் அப்படியே எடுத்துக்கொண்டோம். "அவங்களை புக்காவ் பண்ணிட்டாங்க" என்றால் புளோக்கில் எல்லாருக்கும் புரியும்.

இப்படிக் கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. நம்மில் மிகப் பலர் ஹிப்னாடிசத்தை நேரில் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் திரையில்தான். திரையோ நூறு ஆண்டுகளாக ஒரே கதையைச் சொல்லி வருகிறது: ஒருவரிடம் அபார சக்தி இருக்கிறது, அந்தச் சக்தி இன்னொருவரின் புத்தியைப் பிடித்து ஆட்டுகிறது. ஆய்வுக்கூடங்களும் மருத்துவமனைகளும் கண்டது கிட்டத்தட்ட இதற்குத் தலைகீழ். திறமை இருப்பது ஹிப்னாடிசத்துக்கு உட்படுகிறவரிடம். எதிரே உட்கார்ந்து பேசுகிறவர் அந்தத் திறமைக்கு வழி காட்டுகிறார், அவ்வளவுதான். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றக் குழப்பங்களில் பாதி தானாகவே அவிழ்ந்துவிடும்.

சினிமா இந்தக் கதையைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. 1894இல் ஜார்ஜ் டு மாரியே எழுதிய 'டிரில்பி' என்ற ஆங்கில நாவலில் ஸ்வெங்காலி என்றொரு இசைக்காரன் வருவான். சுருதியே பிடிபடாத ஓர் இளம்பெண்ணை ஹிப்னாடிசத்தால் ஐரோப்பாவே கொண்டாடும் பாடகியாக்குவான். அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயும்போது அவளுடைய பாட்டும் போய்விடும். 1920இல் வந்த 'தி கேபினெட் ஆஃப் டாக்டர் கலிகாரி' என்ற ஜெர்மன் மௌனப் படத்தில், தூக்கத்தில் நடக்கும் ஒருவனை ஏவிக் கொலை செய்ய வைக்கிறார் ஒரு மருத்துவர். 1962இன் 'தி மஞ்சூரியன் கேண்டிடேட்' படத்தில் சீட்டுக்கட்டின் டைமண்ட் ராணியைக் கண்டதும் ஒரு ராணுவ வீரன் சொன்னதைச் செய்யும் பொம்மையாகிவிடுவான். தமிழில் 2005இல் 'அந்நியன்' வந்தது. மனநல மருத்துவர் அம்பியை ஹிப்னாடிசத்துக்கு உட்படுத்தியதும் உள்ளே ஒளிந்திருந்த ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். 2011 தீபாவளிக்கு வந்த 'ஏழாம் அறிவு' இன்னும் ஒரு படி மேலே போனது. வில்லன் கண்ணைப் பார்த்தால் போதும், சாலையில் போகிறவர்கள் எல்லாம் அவனுக்காகக் கொலைகாரர்களாகிவிடுவார்கள். அதற்கு 'நோக்கு வர்மம்' என்று பெயர் வைத்ததால், ஏதோ நம் முன்னோர்களுக்கு உண்மையாகவே கைவந்த கலை என்று இன்றும் பல இளைஞர்கள் நம்புகிறார்கள்.

ஹாலிவுட்டில் 2017இல் வந்த 'கெட் அவுட்' படத்தையும் சொல்ல வேண்டும். தேநீர்க் கோப்பையில் கரண்டி உரசும் ஓசையில், சம்மதமே கேட்கப்படாத ஓர் இளைஞன் நாற்காலியில் உறைந்து, தனக்குள்ளேயே ஆழத்தில் விழுந்துகொண்டே போவான். ஓர் இனத்தவரின் குரல் பறிக்கப்படுவதைச் சொல்லும் காட்சி என்ற வகையில் அதற்கு ஈடாக ஒன்றை நான் பார்த்ததில்லை. அதை ஹிப்னாடிசம் பற்றிய தகவலாக எடுத்துக்கொண்டால்தான் பிழை.

இயக்குநர்கள் ஏன் இப்படியே எடுக்கிறார்கள் என்பதும் புரிந்துகொள்ளக்கூடியதுதான். உண்மையான ஹிப்னாடிச அமர்வில் கேமரா பிடிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒருவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். இன்னொருவர் தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். நடப்பதெல்லாம் கண்ணை மூடியவரின் அனுபவத்துக்குள். அதைத் திரையில் காட்ட முடியாததால், சுழலும் வட்டம், சங்கிலியில் ஆடும் பைக்கடிகாரம், பெரிதாகத் தெரியும் கண்கள் என்று வெளியே தெரிகிற அடையாளங்களைச் சினிமா சேர்த்துக்கொண்டது.

அறிவியலும் இதே 'சக்தி' எண்ணத்தில்தான் தொடங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஃபிரான்ஸ் அன்டோன் மெஸ்மர் என்ற மருத்துவர், உடலுக்குள் ஓடும் ஒரு காந்தத் திரவத்தைத் தன்னால் சரிசெய்ய முடியும் என்று சொல்லிப் பாரிஸில் பெரும் கூட்டம் சேர்த்தார். 1784இல் பிரெஞ்சு மன்னர் இதை ஆராயக் குழு அமைத்தார். அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேயும் அதில் இருந்தார்கள். அவர்கள் செய்த ஒரு சோதனை இன்றைக்கும் படிக்கச் சுவையானது. தோட்டத்தில் ஒரே ஒரு மரத்துக்கு மெஸ்மரின் சீடர் 'சக்தி' ஏற்றினார். ஒரு சிறுவனின் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துப்போனார்கள். அவன் மயங்கி விழுந்தது சக்தி ஏற்றாத வேறொரு மரத்தடியில். திரவமும் இல்லை, காந்தமும் இல்லை, வேலை செய்வது கற்பனை என்று குழு எழுதியது. மெஸ்மர் கதை அதோடு முடிந்தது என்றுதான் பலர் நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: காந்தம் பொய், ஆனால் சிறுவன் மயங்கியது நிஜம். வெறும் எதிர்பார்ப்பு ஒரு உடலை மயங்க வைக்கிறது என்றால், அதையல்லவா ஆராய வேண்டும்?

அதை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் கோவாவில் பிறந்த பாதிரியார், அபே ஃபாரியா. 1813இல் பாரிஸில் பொதுமக்கள் முன் செய்து காட்டத் தொடங்கிய அவர், செய்கிறவரிடம் எந்தச் சக்தியும் கிடையாது, எல்லாம் உட்படுகிறவரின் மனத்திலிருந்தே வருகிறது என்றார். பனாஜியில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. கைகளை விரித்து ஒரு பெண்ணின் மேல் கவிந்து நிற்கிற தோரணை, அசல் சினிமா வில்லன். அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதற்கு நேர் எதிரான உருவத்தில் அவரை நிறுத்தி வைத்திருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஃபாரியாவுக்குப் பிறகு மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் என்ற அறுவை மருத்துவர் 1841இல் ஒரு மேடை நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடு தானே செய்து பார்த்தார். கத்திகள் வைக்கும் தன் சிறு பெட்டியை நோயாளியின் கண்ணுக்குச் சற்று மேலே பிடித்து, அதையே உற்றுப் பார்க்கச் சொல்வார். முதலில் இது ஒருவகைத் தூக்கம் என்று நினைத்தவர், பிறகு ஒரே எண்ணத்தில் மனம் குவிவதுதான் என்று கருத்தை மாற்றிக்கொண்டார். நூறாண்டு கழித்து மூளை அலைகளைப் பதிவுசெய்தவர்களும் அதையே சொன்னார்கள்: ஹிப்னாடிசத்தில் இருப்பவர் தூங்கவில்லை, விழித்திருக்கிறார்.

நமக்கு இன்னும் அருகே நடந்தது ஒன்று. 1845இல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், மயக்க மருந்தே இல்லாத அந்தக் காலத்தில், மெஸ்மர் முறையில் நோயாளிகளை ஆழ்த்திப் பெரிய கட்டிகளை அகற்றினார். அரசாங்கம் சோதித்துப் பார்த்து, 1846இல் கல்கத்தாவில் அவருக்கென்று ஒரு மருத்துவமனையே கொடுத்தது. அந்த வருடங்களில் சிங்கப்பூரும் வங்காள மாகாணத்தின் கீழ்தான் இருந்தது. ஆனால் அதே 1846 அக்டோபரில் பாஸ்டனில் ஈதர் கொடுத்து அறுவைச் சிகிச்சை செய்து காட்டினார்கள். சில நிமிடங்களில் யாரையும் மயக்கிவிடும் மருந்து வந்த பிறகு, மணிக்கணக்கில் உழைத்துச் சிலரை மட்டும் ஆழ்த்துகிற முறைக்கு யார் காத்திருப்பார்கள்?

சரி, இன்றைக்கு ஒரு நல்ல சிகிச்சையாளரின் அறையில் என்ன நடக்கிறது? முதல் பாதி வெறும் பேச்சு. என்ன பிரச்சினை, எதற்குப் பயம், ஏற்கெனவே என்ன மருந்து எடுக்கிறீர்கள், மனநோய் ஏதாவது இருந்ததா என்று கேட்பார். பிறகு ஒரு புள்ளியையோ உங்கள் மூச்சையோ கவனிக்கச் சொல்வார். உடம்பு தளர்கிறது, கை கனக்கிறது என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டு போவார். கவனம் நன்றாகக் குவிந்த பிறகு, வந்த காரியத்துக்கான யோசனைகளை வார்த்தைகளாலும் கற்பனைக் காட்சிகளாலும் தருவார். கடைசியில் எண்ணிக்கையோடு கண்ணைத் திறக்கச் சொல்வார். இந்த நேரம் முழுக்க உங்களுக்குக் காது கேட்கும். வெளியே பேருந்து போகும் சத்தம்கூடக் கேட்கும். மூக்கு அரித்தால் சொறிந்துகொள்ளலாம். பிடிக்கவில்லையென்றால் எழுந்து போகலாம். சிகிச்சையாளர் பாதியில் அறையை விட்டுப் போய்விட்டாலும் ஆபத்தில்லை. கொஞ்ச நேரத்தில் நீங்களே கண்ணைத் திறப்பீர்கள், அல்லது சாதாரணமாகத் தூங்கி எழுவீர்கள். விரைவு ரயிலில் கைப்பேசியில் படத்தில் மூழ்கி, அறிவிப்பு காதில் விழுந்தும் மனத்தில் பதியாமல், இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போனவர்களுக்கு இந்த நிலை முற்றிலும் புதிதல்ல.

எல்லாருக்கும் இது ஒரே அளவில் வருவதில்லை. 1959இல் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ஹில்கார்டும் ஆண்ட்ரே வைட்சன்ஹோஃபரும் இதை அளக்க 12 சோதனைகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். நீட்டிய கை கனத்துக் கீழே இறங்குகிறதா, கோத்த விரல்கள் பிரிக்க முடியாமல் பூட்டிக்கொள்கின்றனவா என்பவை போன்ற எளியவை முதலில் வரும். இல்லாததை உணர்வது, நடந்ததை மறப்பது போன்ற கடினமானவை பிறகு. சுமார் 10 முதல் 15 சதவீதம் பேர் மிக நன்றாக உட்படுவார்கள். ஏறத்தாழ அதே அளவு பேருக்கு அநேகமாக ஒன்றும் நடக்காது. மிச்சம் எல்லாரும் நடுவில். ஸ்டான்ஃபர்டில் சோதித்த மாணவர்களை 25 ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்துத் திரும்பச் சோதித்தபோதும் மதிப்பெண்கள் பெரிதாக மாறியிருக்கவில்லை. உயரம், குரல்வளம் போல இது ஒருவரிடம் ஊன்றியிருக்கிற தன்மை என்று தெரிந்தது. மனவுறுதி இல்லாதவர்கள், ஏமாளிகள் என்று இதற்குப் பொருளில்லை. கதையில், இசையில், கற்பனையில் ஆழ்ந்துபோகக்கூடியவர்களுக்கு இது ஓரளவு எளிதாக வருகிறது.

மேடை ஹிப்னாடிசத்தின் ரகசியமும் இங்கேதான். முதலில் கூட்டம் முழுவதையும் கைகளைக் கோத்துக்கொள்ளச் சொல்வார்கள். யாருடைய கைகள் நன்றாகப் பூட்டிக்கொண்டனவோ அவர்களை மட்டும் மேடைக்கு அழைப்பார்கள். அதிலும் ஒத்துவராதவர்களைக் கை தட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மிஞ்சி நிற்பவர்கள் நன்றாக உட்படக்கூடியவர்கள், மேடைக்கு வர ஆசைப்பட்டவர்கள், கூட்டத்தை ஏமாற்ற விரும்பாதவர்கள். அவர்கள் கோழி மாதிரி நடப்பதில் அதிசயமில்லை.

'சொன்னதையெல்லாம் செய்ய வைத்துவிடுவார்கள்' என்ற பயத்துக்கு வருவோம். மக்களை இந்தச் சிகிச்சையிலிருந்து அதிகம் விலக்கி வைப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1965இல் மார்ட்டின் ஆர்ன், ஃபிரெடரிக் எவன்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை. ஹிப்னாடிசத்தில் ஆழ்ந்தவர்களிடம் விஷப்பாம்பைக் கையால் எடுக்கச் சொன்னார்கள். அமிலத்துக்குள் கையை விட்டு ஒரு நாணயத்தை எடுக்கச் சொன்னார்கள். பிறகு அந்த அமிலத்தை எதிரே இருப்பவரின் முகத்தில் வீசச் சொன்னார்கள். யாருக்கும் காயம் வராதபடி ஏற்பாடுகள் மறைவாகச் செய்யப்பட்டிருந்தன. ஆறு பேரில் ஐந்து பேர் செய்தார்கள். இதோடு நிறுத்தினால் எல்லாச் சினிமா வில்லன்களும் உண்மையாகிவிடுவார்கள். ஆனால் அவர்கள் இன்னொரு ஆறு பேரையும் வைத்திருந்தார்கள். ஹிப்னாடிசத்துக்கு உட்படவே உட்படாத அந்த ஆறு பேரிடமும் உட்பட்டது போல நடிக்க மட்டும் சொல்லப்பட்டிருந்தது. அந்த ஆறு பேருமே மூன்றையும் செய்துவிட்டார்கள். பிறகு விசாரித்தபோது கிடைத்த பதில் எளிமையானது: பல்கலைக்கழகத்தில் நடக்கிற சோதனை, யாருக்கும் ஆபத்து வர விடமாட்டார்கள் என்று நம்பினோம்.

இந்தச் சோதனையை ஹிப்னாடிசம் பரம சாது என்பதற்கான சான்றாகப் படிக்கக் கூடாது. ஒருவரை ஆபத்தான காரியம் செய்ய வைக்க ஹிப்னாடிசமே தேவையில்லை, நம்பிக்கையும் அதிகாரமும் போதும் என்பதுதான் அது சொல்வது. நோயாளியின் நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்திய சிகிச்சையாளர்கள் இருந்திருக்கிறார்கள். கவனமாக இருக்க வேண்டியது கண் பார்வையிடம் அல்ல, எதிரே இருக்கிறவர் யார் என்பதில். பின் நம்பர் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஹிப்னாடிசத்தில் இருப்பவரால் ரகசியத்தைக் காக்க முடியும், பொய்கூடச் சொல்ல முடியும்.

உத்தரவு பல நாள் கழித்தும் வேலை செய்யும் என்று காட்டுவதும் மிகையானதே. ஆர்னின் ஆய்வுக்கூடத்தில் 1960களில் ஒரு வேலை நடந்தது. ஒரு பிரிவினருக்கு, தினம் ஓர் அஞ்சலட்டை போட வேண்டும் என்று ஹிப்னாடிசத்தில் யோசனை கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினரிடம் 'தயவுசெய்து போடுங்கள்' என்று சாதாரணமாகக் கேட்டுக்கொண்டார்கள். சாதாரணமாகக் கேட்கப்பட்டவர்கள் அஞ்சலட்டை போட்டதில் எந்த விதத்திலும் குறைந்து போகவில்லை.

அடுத்து நினைவு. 'அந்நியன்' முதல் பல திகில் படங்கள் வரை, மனம் ஒரு பூட்டிய அறை, ஹிப்னாடிசம் அதன் சாவி என்றே காட்டுகின்றன. இந்த எண்ணத்துக்கு ஆதரவாக அடிக்கடி சொல்லப்படும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1976இல் கலிஃபோர்னியாவின் சௌச்சில்லாவில் ஒரு பள்ளிப் பேருந்தும் அதிலிருந்த 26 பிள்ளைகளும் கடத்தப்பட்டார்கள். தப்பி வந்த ஓட்டுநர், ஹிப்னாடிசத்தின்போது கடத்தல் வேனின் எண்ணை ஓர் எழுத்து மட்டும் பிசகிச் சொன்னார். அதைக் கேட்டுப் பல காவல்துறைகள் ஹிப்னாடிசத்தின் பக்கம் ஓடின. பின்னால் வந்த ஆய்வுகள் அந்த உற்சாகத்துக்கு முட்டுக்கட்டை போட்டன. ஹிப்னாடிசத்தில் ஆட்கள் அதிக விவரம் சொல்கிறார்கள், ஆனால் சரியானதும் தவறானதும் சேர்ந்தே கூடுகிறது. அதைவிட மோசம், தவறானதையும் முன்பைவிட உறுதியாக நம்புகிறார்கள். 1982இல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் அப்படிப்பட்ட சாட்சியத்தை ஏற்க மறுத்தது. 1985இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் குழுவும் ஹிப்னாடிசத்தில் கிடைக்கும் நினைவுகளை நம்ப முடியாது என்று அறிக்கை கொடுத்தது.

முன்ஜென்ம விவகாரத்தையும் இங்கேயே முடித்துவிடலாம். 1952இல் அமெரிக்காவில் ஒரு பெண், ஹிப்னாடிசத்தின்போது தான் பத்தொன்பதாம் நூற்றாண்டு அயர்லாந்தில் பிரைடி மர்ஃபியாக வாழ்ந்ததாகச் சொன்னார். புத்தகம் வந்து பெரும் பரபரப்பு. பத்திரிகையாளர்கள் தேடிப்போனபோது, அவர் சிறுமியாக இருந்த காலத்தில் எதிர்வீட்டில் அயர்லாந்துக்காரப் பெண்மணி ஒருவர் வாழ்ந்திருந்தார், அவருடைய திருமணத்துக்கு முந்தைய பெயரே பிரைடி மர்ஃபி என்று தெரிந்தது. அந்தப் பெண் வேண்டுமென்றே பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. கேட்டதும் கற்பனை செய்ததும் கலந்து நினைவாகவே தோன்றுவது ஹிப்னாடிசத்தில் எளிதாக நடக்கக்கூடியது. மறுபிறவியை நம்புகிற குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அந்த நம்பிக்கையில் நான் தலையிடவில்லை. ஆனால் முன்ஜென்மத்தைக் காட்டுகிறேன் என்று காசு கேட்பவரிடம் கிடைப்பது உங்கள் எதிர்பார்ப்பிலிருந்து எழுந்த கதையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஹிப்னாடிசம் வெறும் நடிப்புதான் போலிருக்கிறது என்று யாருக்காவது தோன்றலாம். அதுவும் சரியில்லை. 1997இல் மாண்ட்ரியலில் பியேர் ரெயின்வில்லும் உடனிருந்தவர்களும் ஆட்களின் கையைச் சுடுநீரில் வைத்து மூளையைப் படம் பிடித்தார்கள். வலியின் கடுமையைத் தொடாமல், அதனால் வரும் வேதனை மட்டும் குறைகிறது என்று ஹிப்னாடிசத்தில் சொன்னபோது, வேதனையோடு தொடர்புடைய மூளைப் பகுதியின் இயக்கம் அதற்கேற்ப மாறியது. தொடு உணர்வைப் பதிவுசெய்யும் பகுதி அப்படி மாறவில்லை. 2002இல் அமீர் ராஸ் செய்தது வேறு வகை. 'சிவப்பு' என்ற சொல்லை நீல மையில் எழுதி, மையின் நிறத்தைச் சொல்லச் சொன்னால் யாரும் ஒரு கணம் தடுமாறுவோம். சொல்லைப் படிக்காமல் இருக்க நம்மால் முடியாது. நன்றாக உட்படக்கூடியவர்களிடம், நீங்கள் பார்ப்பவை தெரியாத மொழியின் வெறும் குறிகள் என்று முன்பே யோசனை கொடுத்தார். அவர்களிடம் அந்தத் தடுமாற்றம் மறைந்தது. நடிப்பால் இதைச் செய்வது கடினம்.

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில் வரை அலகு குத்திக் காவடி எடுப்பவர்களைப் பார்த்து, இதுவும் ஹிப்னாடிசம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டையும் ஒன்றாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அங்கே விரதம் இருக்கிறது, நேர்த்திக்கடன் இருக்கிறது, மேளமும் உறவுகளின் குரலும் முருகன் மேல் வைத்த அன்பும் இருக்கின்றன. ஒரு சிகிச்சை அறையின் சொற்களில் அதை அடக்க முடியாது. வலி என்பது தோலில் மட்டும் முடிவாவதில்லை, மனம் எதில் ஊன்றி நிற்கிறது என்பதும் அதைத் தீர்மானிக்கிறது என்ற அளவில் மட்டும் இரண்டும் ஒரு பக்கம் தொட்டுக்கொள்கின்றன.

இந்த வலி விஷயத்தில்தான் ஹிப்னாடிசம் மருத்துவத்துக்குள் மரியாதையோடு நுழைந்தது. பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1992 முதல், தைராய்டு போன்ற சில அறுவைச் சிகிச்சைகளை முழு மயக்கம் கொடுக்காமல், அந்த இடத்தை மரத்துப்போகச் செய்யும் ஊசியோடும் மிகக் குறைந்த மருந்தோடும் ஹிப்னாடிசத்தைச் சேர்த்துச் செய்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் இப்படிச் சிகிச்சை பெற்றுவிட்டார்கள். 2007இல் நியூயார்க்கில் மார்பக அறுவைச் சிகிச்சைக்கு வந்த 200 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. முன்னதாக 15 நிமிடம் ஹிப்னாடிசம் பெற்றவர்களுக்கு மருந்து குறைவாகத் தேவைப்பட்டது, பிறகு வலியும் குமட்டலும் குறைந்திருந்தன. ஐபிஎஸ் எனப்படும் குடல் கோளாறிலும் நல்ல பலன் தெரிந்திருக்கிறது. 1984இல் மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் குழு தொடங்கிய ஆய்வுகளின் வழியில், மருந்துக்கு ஓராண்டாகியும் கட்டுப்படாதவர்களுக்கு இதைப் பரிசீலிக்கலாம் என்று பிரிட்டனின் அதிகாரபூர்வ மருத்துவ வழிகாட்டியே சொல்கிறது. சாப்பிட்டு முடித்ததும் கழிப்பறை எங்கே என்று தேடியே வெளியூர்ப் பயணத்தைக் கைவிட்டவர்களுக்கு இது சிறிய செய்தியல்ல.

எல்லாவற்றுக்கும் மருந்து என்று சொல்ல வரவில்லை. புகைப்பழக்கத்தை விட ஹிப்னாடிசம் என்று விளம்பரங்கள் நிறைய. 2019இல் இருந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பு, மற்ற வழிகளைவிட இது சிறந்தது என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றது. 'ஒரே அமர்வில் விட்டுவிடலாம்' என்கிற பலகையைப் பார்த்தால் நான் அந்தப் படி ஏற மாட்டேன். மாயக்குரல் கேட்பது, பிரமை தோன்றுவது போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்கள் தங்கள் மனநல மருத்துவருக்குத் தெரியாமல் இதில் இறங்கக் கூடாது.

இப்போது புக்காவ். தோளைத் தட்டியதும் நினைவு தப்பியது என்று சொல்பவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. அதிர்ச்சியும் அவமானமும் சேர்ந்தால், நடந்ததைக் கோவையாக நினைவுகூர முடியாமல் போவது இயல்பு. ஆனால் முன்பின் தெரியாத ஒருவரை ஒரு தட்டிலோ ஒரு பார்வையிலோ ஆட்டிப்படைக்க ஹிப்னாடிசத்தால் முடியாது. அதற்கு நேரம் வேண்டும், ஒத்துழைப்பு வேண்டும், உட்படும் திறன் வேண்டும். அந்த வழிப்போக்கர்கள் செய்வது வேறு. பேத்திக்கு ஆபத்து, பரிகாரம் செய்ய வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். யோசிக்க விடாமல் அவசரப்படுத்துவார்கள். கூட்டாளி ஒருவர் ஏதும் அறியாதவர் போல வந்து "எனக்கும் இவர்தான் சரிபண்ணினார்" என்பார்.

இதே வித்தை இன்று தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கிறது. அங்கே கண்ணும் இல்லை, தோளைத் தட்டுவதும் இல்லை. 2024இல் சிங்கப்பூரில் மோசடிகளில் பறிபோன தொகை குறைந்தது 1.1 பில்லியன் வெள்ளி. பெரும்பாலான சம்பவங்களில் பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் கையாலேயே பணத்தை அனுப்பியிருந்தார்கள். ஏமாற்றப்படுகிறோம் என்று போலீஸே சொல்லியும் நம்ப மறுப்பவர்களின் வங்கிக் கணக்கைத் தற்காலிகமாகக் கட்டுப்படுத்த, 2025 ஜூலை 1 முதல் தனிச் சட்டமே நடப்புக்கு வந்திருக்கிறது. இதில் பலியானவர்களில் படித்தவர்கள், பெரிய பொறுப்பில் இருந்தவர்கள் எல்லாரும் உண்டு. புக்காவ் என்று சொல்லிவிட்டால், எந்த வார்த்தையில் நம்பினோம், எந்த இடத்தில் அவசரப்பட்டோம் என்று யாரும் பேசுவதில்லை. அடுத்த வீட்டுக்காரர் அதே வார்த்தைக்கு நாளைக்கு விழுவார். சந்தேகம் வந்தால் உடனே 1799க்கு அழைத்துக் கேட்கலாம்.

சிகிச்சையாக முயல நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். மருத்துவர்கள் சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும், பெயரை இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம். ஹிப்னோதெரபிஸ்ட் என்று பலகை வைக்க அப்படியொரு சட்டப் பதிவு கிடையாது. சில வாரப் பயிற்சிச் சான்றிதழோடு தொழில் செய்கிறவரும், பல ஆண்டு படித்த மனநல நிபுணரும் ஒரே பெயரில் விளம்பரம் செய்யலாம். அதனால் ஹிப்னாடிசத்தை நீக்கிவிட்டுப் பார்த்தாலும் இவர் என் நோய்க்குச் சிகிச்சை தரத் தகுதி உள்ளவரா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வயிற்று வலிக்கு முதலில் பலதுறை மருந்தகத்துக்கே போக வேண்டும். என்ன நோய் என்று தெரியாமல் வலியை மட்டும் குறைத்துக்கொள்வது ஆபத்து. மனச்சோர்வு என்றால் எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு 1771 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

அப்புறம் மொழி. மாத்திரைக்கு மொழி வேண்டாம், ஆனால் இந்தச் சிகிச்சை முழுக்க முழுக்கச் சொற்களால் ஆனது. இங்கே பெரும்பாலும் அது ஆங்கிலத்தில்தான் நடக்கிறது. வீட்டில் தமிழிலேயே வாழ்ந்த ஓர் அம்மா, ஒவ்வொரு வாக்கியத்தையும் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே எப்படி ஆழ்ந்துபோக முடியும்? அவருடைய கடற்கரை, அவருடைய கோயில் மண்டபம், அவர் பிறந்த ஊரின் வாய்க்கால் எல்லாம் தமிழில்தான் உயிரோடு இருக்கின்றன. முன்பதிவுக்கு அழைக்கும்போதே, தமிழில் செய்ய முடியுமா, முடியாவிட்டால் தமிழ் தெரிந்த மனநல நிபுணர் யாருக்காவது அனுப்பி வைக்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்டுவிட வேண்டும். அம்மா தானாகக் கேட்க மாட்டார்.